இறங்காத இன்ஜின்

ஏரிக்கரைத் தொழிற்சாலைகள் – 17

ஹூண்டாய் வருவதற்கு முன்பே இருங்காட்டுக்கோட்டைக்கு இன்ஜின் சத்தம் வந்துவிட்டது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் அங்கே பந்தயத் தடத்தைத் திறந்தது. ஹூண்டாய் மோட்டார் இந்தியா பதிவானது 1996 மே மாதம். முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது 1998 செப்டம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் பெங்களூர் நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு அது ரேஸ் நடக்கிற ஊர், அவ்வளவுதான்.

பந்தயக் கொட்டகையில் இன்ஜினை இறக்குவது ஒரு ராத்திரி வேலை. சனிக்கிழமை ஓட்டத்தில் இன்ஜின் தட்டத் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் வேறொன்று உள்ளே உட்கார்ந்திருக்கும். சுங்குவார்சத்திரம் பக்கத்து லாரி பட்டறைகளிலும் அப்படித்தான். கேபினைக் கவிழ்த்து, செயின் பிளாக்கை மாட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் இன்ஜின் தரையில் இருக்கும். புகை தள்ளுகிறதா, ஆயில் குடிக்கிறதா, இழுவை குறைந்துவிட்டதா, எதற்கும் மெக்கானிக் சொல்லும் கடைசி வார்த்தை ஒன்றுதான்: “இறக்கிடலாம் சார்.”

ஹூண்டாயின் கார் இன்ஜின் கூடத்தைப் போன வாரம் சுற்றி வந்தோம். அதே பெயர் தாங்கிய இன்னொரு கம்பெனி தென்கொரியாவில் செய்கிற இன்ஜினை அப்படி இறக்கவே முடியாது. வைத்தால் வைத்ததுதான். அது கப்பல் இன்ஜின்.

அந்தக் குடும்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940-ல் சியோலில் சுங் ஜூ-யுங் என்ற இளைஞர் கடன் வாங்கி ஒரு கார் ரிப்பேர் பட்டறையை எடுத்தார். சீக்கிரமே அது தீயில் போனது. மறுபடி கடன் வாங்கி வேறு இடத்தில் திறந்தார். மற்ற பட்டறைகள் வாரக்கணக்கில் இழுத்தடித்த வேலையைச் சில நாட்களில் முடித்து, அதற்காகக் கூலியும் கூட்டி வாங்கினார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் தவறாமல் வரும். பட்டறையிலிருந்து கட்டுமானம், கட்டுமானத்திலிருந்து 1967-ல் கார் கம்பெனி, 1972-ல் உல்சான் கடற்கரையில் கப்பல் கட்டும் தளம். கப்பலே கட்டியிராத ஒருவர் லண்டனுக்குப் போய்க் கடன் கேட்டதும், இரும்புக் கவசமிட்ட பழைய ஆமைக் கப்பலின் படம் போட்ட 500 வோன் நோட்டை எடுத்துக் காட்டி “நாங்கள் உங்களுக்கு முன்பே கட்டியவர்கள்” என்றதும் கொரியாவில் பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த கதை. வங்கிக்காரர்கள் நோட்டைப் பார்த்துக் கடன் கொடுப்பவர்கள் அல்லர் என்பது என் எண்ணம். கிரேக்கக் கப்பல் முதலாளி ஜார்ஜ் லிவானோஸ் 2,60,000 டன் எண்ணெய்க் கப்பல்கள் இரண்டுக்கு ஆர்டர் கொடுத்ததுதான் கதவைத் திறந்தது. தளமும் கப்பலும் ஒரே சமயத்தில் வளர்ந்து 1974-ல் இரண்டும் தயாராயின.

கப்பலுக்கு உடம்பு மட்டும் போதாது. 1978-ல் உல்சானிலேயே கப்பல் இன்ஜின் தொழிற்சாலை தொடங்கியது. டென்மார்க்கின் பி அண்ட் டபிள்யூ, சுவிட்சர்லாந்தின் சுல்சர் போன்ற ஐரோப்பிய வரைபடங்களுக்கு உரிமம் வாங்கிச் செய்தார்கள். இன்று பெரிய கப்பல் இன்ஜின்களை உலகிலேயே அதிகம் செய்யும் இடங்களில் முதல் வரிசை அது. சொத்துப் பிரிவினையில் கார் கம்பெனி 2000-லும், கப்பல் கம்பெனி 2002-லும் தனித்தனியாகப் போய்விட்டன. இருங்காட்டுக்கோட்டைக்கும் அந்தக் கப்பல் தளத்துக்கும் இன்று சட்டப்படி உறவில்லை; பெயரும் பாட்டனும் மட்டும் பொது.

இரண்டு இன்ஜின்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தப் பகுதியின் விஷயம் பிடிபடும். ஹூண்டாயின் சின்னக் கார்களில் போகும் 1.2 லிட்டர் கப்பா இன்ஜினில் சிலிண்டரின் குறுக்களவு 71 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75.6 மில்லிமீட்டர். 2006-ல் கடலுக்கு வந்த எம்மா மெர்ஸ்க் சரக்குக் கப்பலின் இன்ஜினில் சிலிண்டரின் குறுக்களவு 960 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குவது இரண்டரை மீட்டர். அதன் ஒரே ஒரு சிலிண்டரின் கொள்ளளவில் சுமார் 1,500 கப்பா இன்ஜின்களின் கொள்ளளவு அடங்கும். அப்படி 14 சிலிண்டர்கள். மொத்த எடை 2,300 டன், சக்தி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறன். நிமிடத்துக்கு 102 சுற்றுதான் சுற்றும். சும்மா நிற்கிற காரின் இன்ஜின்கூட அதைப்போல ஏழு மடங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இதையும் கொரியாவில்தான் செய்தார்கள், ஆனால் ஹூண்டாய் அல்ல, தூசான்.

இத்தனை பெரிய பொருளைக் கப்பலுக்குள் எப்படி வைக்கிறார்கள்? வைப்பது என்பதே சரியல்ல. கப்பலின் அடிப்பகுதி கட்டி முடிந்ததும் இன்ஜினைப் பெரும் துண்டுகளாகக் கிரேனில் கொண்டுவந்து இறக்கி, அங்கேயே கோத்து, நேர்பார்த்து, அடியில் பிசின் ஊற்றி இறுக்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் அதன் மேல் தளம், தளத்தின் மேல் தளம், மாலுமிகளின் வீடு, புகைபோக்கி. கோயிலில் உற்சவர் வீதிக்கு வருவார், மூலவர் வருவதில்லை. கருவறை அவரைச் சுற்றி எழும்பியது. பெரிய கப்பலின் முக்கிய இன்ஜின் மூலவர்.

ஆகவே கப்பலில் ரிப்பேர் என்றால் ஆட்கள் இன்ஜினுக்குள் போவது. உண்மையாகவே உள்ளே போவது. அடியில் இருக்கும் கிராங்க் அறைக்குள் ஒரு மனிதன் டார்ச் விளக்கோடு நுழைந்து நிற்கலாம்.

கப்பல் இன்ஜினியர்கள் அடிக்கடி செய்கிற பெரிய வேலை, ஒரு சிலிண்டரின் பிஸ்டனை வெளியே தூக்கிப் பார்ப்பது. “இந்தப் போர்ட்டுல ஒரு யூனிட் எடுக்கிறோம்” என்று சீஃப் இன்ஜினியர் சொன்னால் கீழே உள்ளவர்களுக்கு அன்று தூக்கம் கிடையாது. இன்ஜினை நிறுத்தியதும் எதையும் தொட முடியாது. சூடு ஆற வேண்டும். எண்ணெய் ஆவி நிறைந்த கிராங்க் அறைக் கதவைச் சூட்டோடு திறந்து, காற்று உள்ளே போய் வெடித்து உயிர்கள் போயிருக்கின்றன. ஆறிய பிறகு டர்னிங் கியரை மாட்டி, இன்ஜினை அங்குலம் அங்குலமாகச் சுழற்றி, வேண்டிய பிஸ்டனை வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். குளிர்விக்கும் தண்ணீரை வடிப்பார்கள். சிலிண்டர் தலையை இறுக்கும் நட்டுகளை ஸ்பேனர் போட்டுத் திருகுகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து போல்ட்டையே சற்று நீட்டுவார்கள். அந்தக் கணத்தில் நட்டு கையாலேயே சுழலும். தலையைத் தூக்க, இன்ஜின் அறையின் கூரையில் ஓடும் கிரேன். கடல் ஆடினால் தொங்கும் இரும்பும் ஆடும். அதனால்தான் துறைமுகத்துக்காகக் காத்திருப்பது.

பிறகு பிஸ்டன் வரும். எம்மா மெர்ஸ்க் ரகத்தில் ஒன்று ஐந்தரை டன். அதன் கோல் நேராகக் கிராங்குக்குப் போவதில்லை. நடுவில் கிராஸ்ஹெட் என்ற கட்டை உண்டு. அங்கே கழற்றி, கோலோடு சேர்த்து மேலே இழுத்து நிறுத்துவார்கள். காலியான சிலிண்டருக்குள் ஏணி போட்டு இளையவர் ஒருவர் இறங்குவார். கையில் அளவுகோல். லைனரில் குறித்த உயரங்களில் குறுக்கும் நெடுக்கும் அளந்து கத்துவார்; மேலே இன்னொருவர் நோட்டில் எழுதுவார். 1,000 மணி நேர ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் தேய்ந்தால் சரி, மீறினால் எண்ணெயிலோ எரிபொருளிலோ கோளாறு. வளையங்களை மாற்றி, கரியைச் சுரண்டி, வந்த வழியே திரும்ப இறக்கி மூட வேண்டும். ஏஜென்டின் போன் இதற்கிடையே அடித்துக்கொண்டே இருக்கும்: எப்போது கிளம்பும்?

இப்படியே பாகம் பாகமாக மாற்றி மாற்றிக் கப்பலின் ஆயுள் முழுவதும் ஓட்டிவிடுவார்கள். கிராங்க் தண்டில் கீறல் விழுந்தாலும் தண்டு வெளியே வராது. அரைக்கும் கருவியை உள்ளே கொண்டுபோய், தண்டைச் சுற்றி மாட்டி, இருந்த இடத்திலேயே அரைத்துச் சமப்படுத்துவார்கள். வார்ப்பிரும்புச் சட்டத்தில் விரிசலா? வெல்டிங் வைத்தால் பக்கத்தில் இன்னொரு விரிசல் ஓடும். அதனால் விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு, உலோகப் பூட்டுகளைத் தட்டி இறக்கித் தைத்துவிடுவார்கள். சூடே காட்டாத இந்த வைத்தியம் பார்க்க மிக அழகானது.

எம்மா மெர்ஸ்க் கப்பலுக்கே ஒரு பெரிய சோதனை வந்தது. 2013 பிப்ரவரி 1 அன்று சூயஸ் கால்வாய்க்குள் நுழையும்போது பின்புறத்துப் பக்கவிசிறி ஒன்று உடைந்து, அந்த வழியாகப் புகுந்த கடல்நீர் இன்ஜின் அறையை நிரப்பியது. போர்ட் சயீதில் எப்படியோ கரை சேர்த்தார்கள். சரக்கை இறக்கிவிட்டு, இத்தாலியின் பலெர்மோ தளத்துக்கு இழுத்துப் போனார்கள். வேறு எந்த வாகனமாக இருந்தாலும் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கும் நேரம் அது. இங்கோ மாதக்கணக்கில் வேலை பார்த்து அதே கப்பலைத் திரும்பக் கடலுக்கு அனுப்பினார்கள்.

சென்னைக் கடற்கரைக்குத் தெரிந்த பழைய உதாரணம் ராஜுலா. கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் தளத்தில் 1926-ல் கட்டப்பட்ட பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. மலேயா போன நம் பாட்டன்மார் பெட்டி படுக்கையோடு தளத்தில் உட்கார்ந்து போனது இதில்தான். நீராவியை மூன்று சிலிண்டர்களில் அடுத்தடுத்து விரியவிட்டுச் சக்தி எடுக்கும் பழைய முறை இயந்திரங்கள் அதில் இருந்தன. உலகக் கப்பல்கள் டீசலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும், ராஜுலா நீராவியிலேயே ஓடியது. 1973-ல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ரங்கத் என்று பெயர் மாறி, அடுத்த ஆண்டே உடைப்புக்குப் போனது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு. அதற்கு டீசல் இன்ஜின் வைக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் விடை ஒரே வரியில் வந்திருக்கும்: புதுக் கப்பல் மலிவு.

அதே தடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம், 1966-ல் பிரான்ஸில் பாஸ்டர் என்ற பெயரில் பிறந்த டீசல் கப்பல். 1980-களில் சிங்கப்பூரிலிருந்து வரும் வழியில் பயணிகள் பகுதியில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. கப்பலைச் சீர்செய்து திரும்ப ஓட்டவில்லை, உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். கப்பல் விஷயத்தில் இன்ஜின் நல்லதா கெட்டதா என்பது எப்போதும் இரண்டாவது கேள்வி. மீதி உடம்புக்கு எத்தனை வருஷம் பாக்கி என்பதுதான் முதல் கேள்வி.

அந்தக் கணக்கு தலைகீழாக விழுந்த சந்தர்ப்பங்கள் வெகு சில. 1973-ல் எண்ணெய் விலை ஏறியது அப்படி ஒன்று. அதுவரை பெரிய பயணிகள் கப்பல்களுக்கு நீராவி டர்பைன்தான் கௌரவம். அதிர்வு கிடையாது, வேகம் உண்டு, குடிப்பது மட்டும் பூதம் போல. பிரான்ஸ் என்ற மாபெரும் கப்பலை நார்வேக்காரர்கள் வாங்கி, 1979-80-ல் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபெனில் இருந்த லாய்ட் வெர்ஃப்ட் தளத்தில் அதன் முன் இன்ஜின் அறையையே ஓய்வுபெறச் செய்து, பாதிச் சக்தியில் ஓடும் நார்வே என்ற உல்லாசக் கப்பலாக்கினார்கள். கரீபியன் தீவுகளைச் சுற்றிக் காட்ட வேகம் எதற்கு? எஞ்சிய பாய்லர்களில் ஒன்று 2003-ல் மயாமித் துறைமுகத்தில் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். கடைசியில் குஜராத்தின் அலாங் கரையில் அந்தக் கப்பல் உடைபட்டது.

முழு அறுவை சிகிச்சைக்கு உடன்பட்டது குவீன் எலிசபெத் 2. அதன் டர்பைன்கள் பிறப்பிலேயே தொல்லை. 1968 டிசம்பர் சோதனை ஓட்டத்தில் இறக்கைகள் சேதமாகி, குனார்ட் கம்பெனி கப்பலை ஏற்க மறுத்தது. சரிசெய்து 1969 மே மாதம் முதல் பயணம். 1974 ஏப்ரலில் பாய்லர் நீரில் எண்ணெய் கலந்து பெர்முடாவுக்கு அருகே நடுக்கடலில் நின்றுவிட்டது. பயணிகளை வேறு கப்பலுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் உடம்பு திடமான உடம்பு. அட்லான்டிக்கை அந்த வேகத்தில் கடக்க அதைப்போல இன்னொன்று கட்டப் பணமும் இல்லை.

1986 அக்டோபர் கடைசியில் அதே பிரேமர்ஹாஃபென் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். புகைபோக்கியைக் கழற்றி எடுத்தார்கள். மேல்தளத்திலிருந்து அடிமட்டம் வரை ஒரு பெரிய கிணறு திறந்துகொண்டது. மூன்று பாய்லர்கள், டர்பைன்கள், குழாய்கள் என்று இருபது ஆண்டு இரும்பை வெட்டி வெட்டி அந்தக் கிணற்றின் வழியே வெளியே எடுத்தார்கள். அதே வழியில் ஒன்பது மான் பி அண்ட் டபிள்யூ டீசல் இன்ஜின்கள் இறங்கின. ஒவ்வொன்றும் பத்தரை மெகாவாட்டுக்குச் சற்றுக் கூடுதல். அவை புரொப்பல்லரை நேராகச் சுழற்றுவதில்லை. மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு புரொப்பல்லர் தண்டிலும் 44 மெகாவாட் மோட்டார் ஒன்று. ஒன்பது புகைக்குழாய்களுக்கு இடம் வேண்டியதால் புகைபோக்கி முன்பைவிடத் தடித்துத் திரும்பி வந்தது.

179 நாட்கள். செலவு 10 கோடிப் பவுண்டுக்கு மேல். கப்பல் பிறந்தபோது அதன் மொத்த விலையே 3 கோடிப் பவுண்டுக்குச் சற்றுக் குறைவுதான். எரிபொருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமானது. எல்லாம் சரியாகப் போனது என்றும் சொல்ல முடியாது. புரொப்பல்லருக்குப் பின்னால் கூடுதலாக மாட்டிய சுழல் சக்கரங்களின் இறக்கைகள் சோதனை ஓட்டத்திலேயே உடைந்து விழுந்தன. அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் 1987 வசந்தத்தில் ஓட விட்டார்கள்.

இதில் நான் கவனித்தது எரிபொருள் மிச்சத்தை அல்ல, ஒன்பது என்ற எண்ணை. ஏழு இன்ஜின்கள் ஓடினாலே வழக்கமான வேகம், மணிக்கு இருபத்தெட்டரை கடல்மைல், கிடைத்துவிடும். மீதி இரண்டை நடுக்கடலில், கப்பல் போய்க்கொண்டிருக்கும்போதே, திறந்து போட்டு ரிப்பேர் பார்க்கலாம். பெர்முடா அருகே திக்கற்று நின்ற கப்பலுக்கு அதுதான் சரியான மருந்து. 2008 வரை ஓடிவிட்டு இப்போது துபாயில் ஓட்டலாக நிற்கிறது.

இன்று கணக்கை மறுபடி புரட்டிக்கொண்டிருப்பது கரிப்புகை. 2017-ல் கட்டிய மெர்ஸ்க் ஹாலிஃபாக்ஸ் என்ற பெரிய கன்டெய்னர் கப்பலை 2024-ல் சீனாவின் சௌஷானில் நிறுத்தி, மெத்தனாலிலும் ஓடும்படி மாற்றினார்கள். 88 நாட்கள் ஆயின. அப்போதும் இன்ஜின் வெளியே வரவில்லை. எரிபொருளைத் தெளிக்கும் பாகங்களை மாற்றினார்கள். தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் இடம் செய்தார்கள். கப்பலையே 15 மீட்டர் நீட்டினார்கள். மூலவர் நகரவில்லை.

உற்சவர்கள் வேறு ஜாதி. பணக்காரர்களின் பெரிய உல்லாசப் படகுகளில் போவது வேகமாகச் சுழலும், எடை குறைந்த டீசல்கள். எம்டியு, மான், கேட்டர்பில்லர் பெயர்கள்தான் அங்கே அதிகம். இவற்றைக் குறித்த மணி நேரம் ஓடியதும் கழற்றி, கரைக்குக் கொண்டுபோய் முழுதாகப் பிரித்துப் பூட்டலாம், அல்லது மாற்று இன்ஜின் வாங்கி வைத்துக்கொள்ளலாம். விவரமான படகுச் சிற்பி, இன்ஜினுக்கு நேர் மேலே தளத்தின் ஒரு பகுதியை போல்ட் போட்டு வைத்திருப்பார். கழற்றினால் வழி பிறக்கும். அலங்காரத்தில் மயங்கியவர் அதன் மேல் சலவைக்கல் பதித்த கூடம் கட்டிவிடுவார். இருபது வருஷம் கழித்து வரும் முதலாளி பக்கவாட்டு உடம்பை அறுத்து இன்ஜினை எடுக்க வேண்டியதுதான்.

இந்த ஜாதிக்கும் ஒரகடத்துக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. எம்டியுவின் சிறிய இன்ஜின் வகைகள் பல, மெர்சிடிஸ் லாரி இன்ஜின்களிலிருந்து பிறந்தவை. அந்த மெர்சிடிஸ் குடும்பத்தின் லாரிக் கிளை 2012-ல் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்து பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. லாரி இன்ஜினைக் கடலுக்கு அனுப்புவது என்றால் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டுக் கடல்நீரால் குளிரும் வெப்பமாற்றி வைக்க வேண்டும். புகைக்குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும். முன்னும் பின்னும் செலுத்தும் கடல் கியர் பெட்டி வேண்டும். சிலிண்டரும் பிஸ்டனும் அப்படியே.

ஜெர்மனிவரை போக வேண்டாம், காசிமேட்டுக்குப் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் விசைப்படகுகளில் நெடுங்காலமாக ஓடியவற்றில் அசோக் லேலண்ட் இன்ஜின்கள் முக்கியம். எண்ணூர்க்காரர்களின் லாரியைத் தெரிந்த மெக்கானிக்குக்குப் படகும் தெரியும். சாமான் பக்கத்துத் தெருவில் கிடைக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனவர் வீட்டுக்கு அது வருமானம் இல்லாத காலம், பட்டறைக்கு அறுவடைக் காலம். படகைக் கரையேற்றி, பலகையை மாற்றி, பெயின்ட் அடித்து, தளத்தைத் திறந்து செயின் பிளாக்கில் இன்ஜினை இறக்கிவிடுவார்கள். உலகத்தில் கப்பலுக்கு அதிகமாக இன்ஜின் மாற்றும் இடங்களைப் பட்டியலிட்டால் இப்படிப்பட்ட மீன்பிடித் துறைமுகங்கள்தான் முன்னால் வரும், பெரிய தளங்கள் அல்ல.

அந்த எளிமையே ஒரு சண்டைக்கும் வழிவிட்டது. 2010-களில் சிலர் லேலண்டை இறக்கிவிட்டு, மும்மடங்குச் சக்தி வரையுள்ள சீன இன்ஜின்களை ஏற்றினார்கள். வேகமாகப் போய், ஆழத்தில் பெரிய வலையை இழுத்து, முதலில் கரைக்கு வந்துவிடலாம். பழைய இன்ஜின்காரர்களுக்கு வெறும் கடல்தான் மிஞ்சியது. காசிமேட்டில் போராட்டமே நடந்தது. தமிழ்நாடு அரசு 2020-ல் கொண்டுவந்த கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் இன்ஜினுக்கு 240 குதிரைத்திறன் என்று வரம்பு கட்டின. வரம்பு சரியா என்று இன்றும் இரு தரப்பும் வாதாடுகின்றன. என்னைக் கேட்டால், இறக்கி ஏற்ற ஒரே நாள் ஆகும் பொருளுக்குச் சட்டத்தால் மட்டும் கடிவாளம் போட முடியாது. அளந்து பார்க்கும் அதிகாரி படகுக்குள் இறங்க வேண்டும்.

பெரிய கப்பலுக்கு வருவோம். உள்ளே போய் ரிப்பேர் பார்ப்பதற்கும் கப்பல் நிற்க ஓர் இடம் வேண்டும், சில வேலைகளுக்கு நீரை விட்டு மேலேயும் வர வேண்டும். இந்த விஷயத்தில் சென்னை வெகு நாள் பின்தங்கியிருந்தது. ஆவடியில் டாங்கி, எண்ணூரில் லாரி, செம்பியத்தில் டிராக்டர் இன்ஜின், இருங்காட்டுக்கோட்டையில் கார் என்று இத்தனை இன்ஜின் கை இருந்தும், பெரிய கப்பலுக்கு நோய் வந்தால் விசாகப்பட்டினம், கொச்சி, கொழும்பு, சிங்கப்பூர் என்று வெளியூர் வைத்தியம்தான். கடல் பக்கத்தில் இருப்பதும் கப்பல் வேலை தெரிவதும் வேறு வேறு. கடலே இல்லாத ராஞ்சியில்தான் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கம்பெனி கடற்படைக் கப்பல்களுக்கான டீசல் இன்ஜின்களைக் கோத்து வருகிறது.

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டிய தளம் வந்த பிறகு நிலைமை மாறியது. கப்பலைத் தூக்கு மேடையில் நிறுத்தி நீரிலிருந்து உயர்த்தி, தண்டவாளத்தில் பக்கவாட்டாக நகர்த்தி, நிலத்தில் வைத்து வேலை பார்க்கும் ஏற்பாடு. கடலோரக் காவல்படையின் விக்ரம் வகை ரோந்துக் கப்பல்கள் இங்கே பிறந்தன. 2022 ஆகஸ்ட் 7-ல் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் பராமரிப்புக்கும் பழுது நீக்கவும் வந்து 11 நாட்கள் நின்றது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று ரிப்பேருக்காக இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. பாதுகாப்புத் துறைச் செயலரே நேரில் போய் வரவேற்றார்; ஒரு சரக்குக் கப்பலின் ரிப்பேருக்கு இத்தனை மாலை மரியாதை சற்று அதிகம்தான், ஆனாலும் காரணம் இருந்தது. 2023 மார்ச்சில் மாத்யூ பெரி, ஜூலையில் சால்வர் வந்தன. அந்த ஜூலையிலேயே காட்டுப்பள்ளித் தளத்தோடு நீண்ட கால ரிப்பேர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மும்பையின் மசகான் டாக், கொச்சித் தளம் பின்னால் சேர்ந்தன. 2025-ல் மசகான் டாக், கொழும்பு டாக்யார்டில் பெரும்பங்கை வாங்குவதாக அறிவித்தது. நம் கப்பல்கள் வைத்தியத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரி அது.

சார்லஸ் ட்ரூ வகைக் கப்பலின் இன்ஜின் அறையில் இருப்பவை நான்கு டீசல் ஜெனரேட்டர்கள். இரண்டு ஒன்பது சிலிண்டர், இரண்டு எட்டு சிலிண்டர். மான் பி அண்ட் டபிள்யூ வரைபடம். மின்சாரத்தால் சுழலும் ஒற்றைப் புரொப்பல்லர். பிரேமர்ஹாஃபெனில் குவீன் எலிசபெத் 2-க்குச் செய்த அதே ஏற்பாடு, இங்கே பிறக்கும்போதே வைத்தது. ஒன்றைத் திறந்து போட்டுவிட்டு மற்றதில் ஓடலாம்.

காட்டுப்பள்ளிக்குத் தெற்கே சென்னைத் துறைமுகத்தில், இருங்காட்டுக்கோட்டைக் கார்கள் வரிசையாகக் கப்பலேறுகின்றன. அந்தக் கார்க் கப்பல்களையும், அவற்றுக்காக ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் ராத்திரி ராத்திரியாக ஓடும் டிரெய்லர் லாரிகளையும் அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

(தொடரும்)